பாகு பட்ட மணிக்கட்டு

அத்தியாயம் 9

காதலுக்குத்தான் கண் இல்லை. பொறாமைக்கு முகத்தில் இரண்டு, முதுகில் இரண்டு. நம் நர்ஸம்மாவுக்குப் போன வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த நான்கும் இமைக்கவே இல்லை.

விட்ட இடம் நினைவிருக்கும். வேலை முடிந்து வந்த கணவரின் இடது மணிக்கட்டில் புதுக் காயம். "வெல்டிங் பொறி பட்டுடுச்சு" என்றார். லிஃப்ட் மெக்கானிக் சொன்னால் எந்த மனைவியும் நம்புவாள். தீக்காய வார்டில் பதின்மூன்று வருடம் குப்பை கொட்டியவளிடம் போய்ச் சொன்னதுதான் அந்த மனிதர் செய்த தப்பு.

பொறி பட்டால் ஊசி குத்தியதுபோல் சின்னதாக இருக்கும். எண்ணெய் என்றால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். வெந்நீர் பரவலாகச் சிவக்கும். இதுவோ ஒரே சொட்டாக விழுந்து, அங்கேயே ஒட்டி உட்கார்ந்து, பிறகு ஒரு வால் விட்டு இறங்கியிருந்தது. சர்க்கரைப் பாகு ஒன்றுதான் தோலை இப்படிச் சுடும்.

அவள் எதுவும் கேட்கவில்லை. மருந்து வைத்துக் கட்டினாள். கட்டு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக விழுந்தது.

வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரம் எங்கே என்று கேட்கிற மனிதர், எங்கே போய்ப் பாகு காய்ச்சினார்? மூன்று வாரமாக வெள்ளிதோறும் "லிஃப்ட் மாட்டிக்கிச்சு" என்று தாமதமாக வருகிறாரே, எந்த லிஃப்டுக்குள் அடுப்பு வைத்திருக்கிறார்கள்?

யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவருடைய அண்ணன் மனைவி, நாம் பேக்கரி அக்கா என்று அழைப்பவள், சர்க்கரையோடு பிறந்தவள். "அண்ணி பண்ற பன்னிக்கறி மாதிரி வராது. மேல அந்தத் தேன் பாகு இருக்கே, கண்ணாடி மாதிரி மின்னும்" என்பார் கணவர். பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த வசனம் இல்லாத மாதம் கிடையாது. சொல்லும்போது கண்ணை வேறு மூடிக்கொள்வார். அந்தக் கண் மூடலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை அவளே போன் போட்டாள்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க. பன்னிக்கறி பண்றேன். பாகு பூசி."

"நீயா?"

"நானேதான்."

திட்டம் எளிமையானது. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைப்பது. முதல் வாய் உள்ளே போனதும் கணவரின் கட்டை அவிழ்த்து, "அக்கா, இது என்ன காயம்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்பது. பிறகு இரண்டு முகங்களையும் பார்ப்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் அப்போது எங்கே பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஒன்று தன் வீடு தன்னுடையதுதான் என்று தெரிய வேண்டும், இல்லை அது எப்போது கைநழுவியது என்றாவது தெரிய வேண்டும்.

*

ஞாயிறு காலை எட்டு மணிக்கே கறிக்கடைக்குப் போய்விட்டாள்.

"தோள்பட்டைக் கறி. ஒன்றரைக் கிலோ. கொழுப்பை எடுக்காதீங்க, மேல அப்படியே இருக்கட்டும்."

கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார். "சார் முந்தாநேத்துதானே இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு? அதுக்குள்ள முடிஞ்சுதா? வீட்ல ஒரே விருந்துதான் போல."

"சாரா?"

"மூணு வெள்ளியா வர்றாரேம்மா. கொழுப்போட வேணும்னு அவரும் இதையேதான் கேட்டாரு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே டேஸ்ட்டு!"

"ஆமா, ரொம்ப ஒத்துமை" என்றாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. நான்கரைக் கிலோ கறி! ஒரு துண்டாவது இந்த வீட்டு வாசலைத் தாண்டியதா?

வீட்டுக்கு வந்தபோது கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முறை வேலை. ஒரு மணிக்கு வந்துவிடுவேன் என்றார்.

"கரெக்டா வந்துடுங்க. உங்க அண்ணி சாப்பிட வர்றாங்க."

"அண்ணியா?" அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. "என்ன திடீர்னு?"

"ஏன், வரக் கூடாதா?"

"சேச்சே. வரட்டும், வரட்டும்." ஒரு ஷூவின் கயிற்றைக் கட்டாமலே படியிறங்கினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்தபடி நர்ஸம்மா கதவைச் சாத்தினாள்.

அப்புறம் கறியிடம் வந்தாள். கொழுப்பின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கீறினாள். உப்பும் பொடித்த மிளகும் கீறலுக்குள் இறங்கும்படி தேய்த்தாள். அலுமினியத் தாளை மேலே இறுக்கி மூடி, ஓவனில் குறைந்த சூட்டில் வைத்தாள். அது இரண்டரை மணி நேரம் தன் பாட்டுக்கு வேகட்டும்.

பாகுதான் விஷயம். சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் உருக்கி, நிறம் மாறியதும் வினிகரும் ஆரஞ்சுச் சாறும் ஊற்றி, கடைசியில் வெண்ணெய். அவள் அதைச் செய்து ஆறு வருடமாகிறது. கை மறந்திருக்கும் என்று பயந்தாள். கை மறக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பழைய மாதிரி போதாது. பேக்கரிக்காரியின் பாகைவிட மின்ன வேண்டும். பொன்னிறத்தில் ஒரு புள்ளி கருமை வரக் கூடாது.

*

பேக்கரி அக்கா பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்? நீங்க விருந்தாளி."

"பழக்கம்மா. கட்டலைன்னா கை ஓடாது." அடுப்பில் இருந்த பாகை எட்டிப் பார்த்தாள். "தேன் ஊத்தலையா?"

"எங்க வீட்ல சர்க்கரைதான்."

"வினிகரா?"

"ஆமா."

"ம்."

அந்த ஒரு "ம்" போதும். அக்கா ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லாமலேயே நூறு மார்க்கில் முப்பத்தைந்து போட்டுவிட்டாள்.

கறி வெந்திருந்தது. தாளை எடுத்து, பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாகு பூசியாயிற்று. மூன்றாவது பூச்சுதான் கடைசி. ஓவனை முழுச் சூட்டுக்கு ஏற்றி, தட்டைப் பாதி வெளியே இழுத்து, நர்ஸம்மா பிரஷைத் தோய்த்தாள். மூன்றே நிமிடம் உள்ளே இருந்தால் கண்ணாடிதான். நான்காவது நிமிடம் கரி.

"ஓரம் விட்டுட்டே பாரு" என்றாள் அக்கா.

"வர்றேன்க்கா."

"குடு, நான் ஒரு தடவை போட்டுடறேன்."

"பரவாயில்லக்கா."

"குடேன்மா, என் கைக்கு இது தினப்படி வேலை."

"இது என் வீட்டுக் கறிக்கா."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். இரண்டு கைகளும் பிரஷின் கட்டையைப் பிடித்திருந்தன. இரண்டில் எந்தக் கை வெட்டி இழுத்தது என்று இன்றுவரை முடிவாகவில்லை. பிரஷிலிருந்து ஒரு பெரிய சொட்டுப் பாகு எழும்பி அக்காவின் புறங்கையில் விழுந்தது.

அக்கா கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நர்ஸம்மா யோசித்துச் செய்யவில்லை. இடுப்பால் தட்டை உள்ளே தள்ளி ஓவன் கதவை மூடினாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுத்த நொடி அந்தக் கை குழாய்த் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

"ஒட்டியிருக்கறதைப் பிய்க்காதீங்க. அசையாதீங்க. மணி பன்னெண்டே முக்கால். இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷமா? அட விடும்மா. எனக்கு இது கொசுக்கடி மாதிரி."

"இருபது நிமிஷம்."

"கறி கரிஞ்சுடும்!"

நர்ஸம்மா திரும்பிப் பார்த்தாள். ஓவனின் கண்ணாடிக்குள் பாகு கொதித்துக் குமிழிட்டது. பொன்னிறம். அவள் இரண்டு நாளாகக் கருவிக்கொண்டிருந்த அத்தனையும் அந்தத் தட்டில் இருந்தது. கையை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தால் போதும். ஆனால் வலி குறைந்ததும் கை தானாகத் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிடும் என்பதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இவள் எதிரிதான். இருக்கட்டும். எதிரியின் தோலும் தோல்தானே.

பிடித்த பிடியை விடாமல், மறு கையில் நீளக் கரண்டியை எடுத்து ஓவன் குமிழை நோக்கி நீட்டினாள். எட்டவில்லை. காலை நீட்டினாள். அதுவும் எட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்று அக்கா வழி சொன்னாள். ஐந்தாவது முயற்சியில் குமிழ் திரும்பியது. அதற்குள் ஓரங்களிலிருந்து புகை எழுந்திருந்தது.

"போச்சு" என்றாள் நர்ஸம்மா.

"போனாப் போகுது" என்றாள் அக்கா. சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கையை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. விரலுக்கு விரல் பழைய பாகுத் தழும்புகள். சொட்டு விழுந்து வால் விட்டு இறங்கிய அதே அடையாளம், பத்துப் பன்னிரண்டாவது இருக்கும்.

திட்டமெல்லாம் காற்றில் போயிற்று. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அவர் வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்குத்தான் வர்றாராக்கா?"

"யாரு, தம்பியா? ஒரே ஒரு நாள் கடைக்கு வந்தார். போன மாசம். பன்னிக்கறிக்குப் பாகு எப்படிப் பண்றதுன்னு கேட்டு, பில்லுக்குப் பின்னாடி எழுதிக்கிட்டுப் போனார். ஏன், உனக்குப் பண்ணித் தரலையா?"

"எனக்கா?"

"யாருக்குன்னு கேட்டேன். வீட்டுக்குத்தான் அண்ணின்னார்." அக்கா குழாயையே பார்த்தாள். "அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா? பதினெட்டு வருஷத்துல என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு காப்பி போட்டதில்ல. இவர் பொண்டாட்டிக்குச் சமைக்கணும்னு சீட்டும் கையுமா வந்து நிக்கறார். அது மட்டுமா? எப்ப பார்த்தாலும் உன் புராணம்தான். அவ கையைத் தொட்டா நோயாளி அழுகையை நிறுத்திடறான், அவ பொறுமை யாருக்கும் வராது... கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

"பொறுமையா? எனக்கா?"

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். இங்கே அண்ணி புகழ், அங்கே மனைவி புகழ். ஒரே மனிதர் இரண்டு வீட்டிலும் தீ வைத்துவிட்டு லிஃப்ட் ஏறிப் போயிருக்கிறார்.

சிரிப்பு அடங்கியதும் நர்ஸம்மா மெல்லச் சொன்னாள். "எனக்கு ஒரு துண்டுகூட வரலக்கா."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ யாருக்கு?"

கடிகாரத்தில் இன்னும் ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தது.

"நீ முன்னாடியெல்லாம் இதைப் பண்ணுவியே" என்றாள் அக்கா. "உன் தங்கச்சி உங்ககூட இருந்தப்போ. ஏன் விட்டுட்டே?"

அந்தக் கதை புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குத் தெரியாது. பெற்றவர்கள் போன பிறகு அக்காளும் தங்கையுமாக ஒற்றை அறையில் ஐந்து வருடம் வாழ்ந்தவர்கள் அவர்கள். நர்ஸம்மாவுக்குக் கல்யாணமான பின்னும் தங்கை கூடவே இருந்தாள். அவள் மாமாவின் நகைச்சுவைக்குச் சிரிப்பாள். கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மழையில் அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நனைந்து வந்தவளைப் பார்த்து நர்ஸம்மா சொன்னாள்: "உனக்குன்னு ஒருத்தனைத் தேடிக்க. என் புருஷனை விட்டுடு."

சொன்னது சாப்பாட்டு மேசையில். தட்டில் இருந்தது இதே கறி. தங்கை அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவள்தான். பிறகு தன் கல்யாணத்துக்கும் சொல்லவில்லை.

"விட்டுப்போச்சுக்கா" என்று மட்டும் சொன்னாள் நர்ஸம்மா.

*

ஒன்றேகாலுக்குக் கணவர் வந்தார். மனைவியும் அண்ணியும் அருகருகே உட்கார்ந்திருப்பதையும், அண்ணியின் கையில் புதுக் கட்டு இருப்பதையும் பார்த்து வாசலிலேயே ஒரு நொடி நின்றார்.

"உட்காருங்க" என்றார்கள் இருவரும் சேர்ந்து.

கறி தட்டுக்கு வந்தது. நடுவில் பொன்னிறம், ஓரமெல்லாம் கறுப்பு. மின்னுவதாவது, கண்ணாடியாவது. அவமானமாகத்தான் இருந்தது. அவர் ஒரு ஓரத் துண்டை எடுத்து வாயில் போட்டார். அவர் கண்ணை மூடுகிறாரா என்று அவள் பார்த்தாள்.

மூடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு ஓரத் துண்டை எடுத்தார்.

"அடடே! இந்தக் கசப்பைத்தான் சொல்லியிருக்கா!"

"யாரு?" என்றது இரண்டு குரல்.

வாய்விட்ட மனிதர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்தார். தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக வைத்தார்.

"உன் தங்கச்சி."

நர்ஸம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போன மாசம் ஒரு பில்டிங்ல லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. கதவைப் பிளந்து பார்த்தா உள்ள தரையில உட்கார்ந்திருக்கா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அவ வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார், வர நாளாகுமாம். துணைக்கு யாருமில்ல."

"எத்தனை மாசம்?" முதலில் வந்தது நர்ஸின் கேள்வி.

"எட்டு. ரெண்டு தடவை ரத்தம் பட்டுடுச்சு. டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டார். என்ன வேணும்னு கேட்டேன். பாகு பூசின கறின்னா. உன்கிட்ட எப்படிக் கேட்பேன்? அண்ணிகிட்ட கேட்டு, உன் தங்கச்சி வீட்டு அடுப்புல நானே பண்ணினேன். மூணு வெள்ளி. மூணு தடவையும் ஒரே வாய்தான். 'அக்கா பண்றது இது இல்ல, அதுல ஓரம் கசக்கும்'னு வெச்சுடறா."

அந்த ஒற்றை அறையில் இருந்த பழைய அடுப்பு ஒரு பக்கம் கூடுதலாக எரியும். எப்போதுமே ஓரம் கருகும். தங்கை அந்த ஓரத்துக்குத்தான் சண்டை போடுவாள்.

அழுகை வந்திருக்க வேண்டும். நர்ஸம்மாவுக்கு வந்தது அழுகை இல்லை. "அப்போ எட்டு மாசமா என் தங்கச்சி வயிறு வளர்ந்திருக்கு. அதை முதல்ல பார்த்தது நீங்க. பக்கத்துல உட்கார்ந்து ஊட்டினதும் நீங்க. நான் இங்க உட்கார்ந்து உங்க கையில மருந்து வெச்சுக் கட்டிக்கிட்டிருக்கேன்."

"ஊட்டல்லாம் இல்லம்மா..."

"இன்னும் மாமான்னுதான் கூப்பிடறாளா?"

"வேற எப்படிக் கூப்பிடுவா?"

"உங்க ஜோக்குக்குச் சிரிக்கிறாளா?"

அவர் காலி டம்ளரை மறுபடி எடுத்தார். பேக்கரி அக்கா கட்டுப் போட்ட கையால் மேசையைத் தட்டினாள். "ஏம்மா, புள்ளத்தாச்சி பசியோட படுத்திருக்கா. ஓரமெல்லாம் எடுத்து ஒரு டப்பாவில போடு. சண்டையை வந்து போட்டுக்கோ, நானும் சேர்ந்து போடறேன்."

நர்ஸம்மா எழுந்தாள். கறுத்த ஓரங்களாகப் பார்த்துப் பார்த்து வெட்டி டப்பாவில் அடுக்கினாள். கணவர் ஷூவைத் தேடினார்.

"நீங்க எங்க?"

"நானும் வர்றேன்."

"வேணாம். நான் தனியா போறேன். அந்தக் கதவுல நான் நிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கக் கூடாது."

அவர் தயங்கினார். பிறகு பாக்கெட்டிலிருந்து தன் சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைக் கழற்றினார். "அவ எழுந்து வந்து திறக்க மாட்டா. எழுந்திருக்கக் கூடாது. ஏழாவது மாடி, இடது பக்கம்."

சாவி. மூன்றே வெள்ளிக்கிழமையில் சாவி. அவள் அதை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் போகாமல் நின்றுவிடுவோம் என்று தெரிந்திருந்தது.

அரை மணி நேரத்தில் ஏழாவது மாடியில் நின்றாள். வழியெல்லாம் முதல் வார்த்தையைத் தயார் செய்தாள். "நான்தான்டி" என்று ஆரம்பிக்கலாம். "மன்னிச்சுடு" என்றும் ஆரம்பிக்கலாம், வாய் வந்தால். பெல் அடித்தால் எழுந்து வந்துவிடுவாளோ என்று பயந்து சாவியைப் போட்டாள். அது ஒரு தடங்கலும் இல்லாமல் திரும்பியது.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆறு வருடமாகக் கேட்காத குரல், கொஞ்சமும் மாறவில்லை. அதில் சிரிப்பு இருந்தது.

"மாமா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, என்ன அதிசயம்?"

நர்ஸம்மாவின் கையில் டப்பா இன்னும் சுட்டது. அவள் பதில் சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை.